கைவாகு

முன்னூற்றுப் பன்னிரண்டு பூ வேண்டும்
என்று போஸ்னானிலிருந்து எழுதியிருந்தாள் மணப்பெண்.
கழுத்திலிருந்து கணுக்கால்வரை பூவே உடுப்பாக.
நான் பூப் பின்னுகிறவள் இல்லை.
பின்னிக் கொடுப்பதைச் சேர்க்கிறவள்.

பெஸ்கித் மலையில் நவம்பரிலேயே பனி மூடிவிடும்.
பூக்கள் ஜாம் புட்டியில் வரும்,
ரொட்டிக்கடைக் காகிதப் பையில் வரும்.
ஒருமுறை பால்வண்டிக்காரன்
கம்பளித் தொப்பியைக் கவிழ்த்து
மேசையில் கொட்டிவிட்டுப் போனான்.
யார் கொடுத்தது என்று சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இல்லை.

எல்லாருக்கும் ஒரே கொக்கியூசி,
ஒரே வெள்ளை நூல், அதே ஆறு இதழ்.
ஆனாலும் கை என்று ஒன்று இருக்கிறதே.
ஹெர்மினா இடக்கைக்காரி,
மற்றப் பூக்கள் சுழலும் பக்கம் அவள் பூ சுழலாது.
யோல்கா டி.வி.யில் பனிச்சறுக்குத் தாண்டல் பார்த்தபடி பின்னுவாள்,
வீரன் அந்தரத்தில் இருக்கும்போது விழுந்த இதழ் மட்டும்
ஒரு கண்ணி நீளம்.
தெக்லாவின் பூ இறுக்கம்,
கஞ்சி போடாமலே நிற்கும்.
ரொசாலியாவினது தொளதொள.
குண்டூசி குத்தி இழுத்துக் காயவைத்தாலும்
மறுநாள் சோம்பல் முறிக்கும்.

அவர்கள் இருவரும் பேசி ஒன்பது வருடம்.
வேலித் தகராறு என்பார்கள்,
செம்மறிக் கடா என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது இது:
பெர்லினிலிருந்து உள்ளாடைக்குப் பூக் கேட்டு
முதல் ஆர்டர் வந்தது.
பலிபீட விரிப்பில் போட்ட பூவையா
அங்கே கொண்டுபோய் வைப்பாய் என்றாள் தெக்லா.
பூவுக்கு என்ன தெரியும் என்றாள் ரொசாலியா.
அந்த வருடம் அவள் கூரை மாற்ற வேண்டியிருந்தது.
பாதிரியாரே
இரண்டு ஞாயிறு முணுமுணுத்துவிட்டு மறந்துபோனார்.

பூக்களைச் சேர்ப்பது முதுகுப் பக்கத்தில்.
நீலத் துணியில் உடுப்பின் உருவம் வரைந்து
அதன்மேல் எல்லாவற்றையும் குப்புறப் படுக்கவைத்து
ஊசி குத்தி,
பூவிலிருந்து பூவுக்கு ஐந்து கண்ணிச் சங்கிலி
போட்டுப் போட்டுப் போக வேண்டும்.
முகம் தெரியாது. எனக்கு அது வசதி.

நான் கோழை.
தெக்லாவை மார்பில் வைத்தேன்,
ரொசாலியாவை முதுகிலும் கீழ்விளிம்பிலும்.
நடுவே யோல்கா, ஹெர்மினா,
இரண்டு நாட்டுக்கிடையே காவல் நிற்பதுபோல.
ஹெர்மினா பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.
பதினொரு பூ குறைந்தது.
இடது தோளில் காவல் இல்லாமல் போயிற்று.

ஐந்து கண்ணி போட்டேன்.
ஒன்று சுண்டி இழுத்தது, மற்றது வாய் பிளந்தது.
பிரித்தேன்.
நான்கு கண்ணி. பிரித்தேன்.
மூன்றாம் நாள் அந்த நூல்
பிரித்துப் பிரித்துச் சாம்பல் நிறமாகிவிட்டது.

தெக்லா கூலி வாங்க வந்தாள்,
பூட்ஸில் பனியோடு.
ஸ்லோத்தித் தாள்களை இருமுறை எண்ணினாள்.
எண்ணும்போதே கண் மேசைக்குப் போயிற்று.
குப்புறக் கிடந்தும் தெரிந்துவிட்டது.
கதவருகே நின்று
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
“ஐந்து போதாது. ஏழு போடு.
இழுத்துப் பிடித்தால் அவளுக்கு ஆகாது.”

அதுக்கு என்று சொல்லவில்லை.
அவளுக்கு என்றாள்.
கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்,
அறை முழுக்கக் குளிர்.

ஏழு போட்டேன்.
தோள் படிந்தது.

ஞாயிறன்று தேவாலயத்தில்
வழக்கம்போல ஒருத்தி வலக்கோடி, ஒருத்தி இடக்கோடி.
பொட்டலம் கட்டுமுன் ரொசாலியா வந்தாள்.
உடுப்பைத் திருப்பி
இடது தோளைக் கட்டைவிரலால் தடவினாள்,
எண்ணுகிறாள் என்று தெரிந்தது.
“யார் சொன்னது ஏழு?”
“நானாகத்தான்.”
“பொய்” என்றாள்.
பிறகு,
அடுத்த வேலைக்கு நூல் இருக்கிறதா என்று கேட்டாள்.